கால்வாய்க் கரையில் பேருந்து நிறுத்தங்கள்

என் தம்பி பேருந்து ஓட்டுகிறவன். அவன் வண்டி எங்கள் தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் நான் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். கடையில் யாராவது கால்சட்டை நீளம் குறைக்கக் காத்திருந்தால், "அதோ போறது என் தம்பி" என்பேன். "எது, பஸ்ஸா?" என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கெல்லாம் நான் சளைப்பதில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவனுக்கு ஒரே தடம். ரயில் நிலையத்தில் கிளம்பி, பள்ளிக்கூடம், பத்திரப்பதிவு அலுவலகம் என்று நின்று நின்று, பெரிய ஆஸ்பத்திரியில் முடியும். நேரம் தவறமாட்டான். அதனால் டிப்போவில் அவனுக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

அப்படிப்பட்டவன், குளிர்காலம் முடிந்து மரங்கள் துளிர்விட்ட சமயத்தில், ஒரு புதன்கிழமை காலை முதல் நடையிலேயே, இடப்பக்கம் திரும்ப வேண்டிய முனையில் நேராகப் போய்விட்டான். வண்டி நிறைய ஆட்கள். பாலம் ஏறி இறங்கி, மரக்கிடங்குகளைத் தாண்டி, சாலை ஒரு இரும்புக் கதவில் போய் முடிகிறவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'ரோட்டை வெட்டிப் போட்டிருப்பாங்க, இவரு தப்பாவா போவாரு' என்று எல்லோரும் நம்பி உட்கார்ந்திருந்தார்களாம். கதவுக்குப் பின்னால் நாய் குரைத்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் அம்மா ஒருவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "இதான் புது ஸ்டாப்பா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

கண்ணைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. கோளாறு இருந்தாலாவது மாத்திரை உண்டு. டிப்போ மேலாளர் நல்ல மனிதர், திட்டவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் லீவு போட்டுக்க. அன்னைக்கு வந்து நீயே சொல்லு. ஸ்டியரிங்கா, மேசையா? மேசைன்னா, பஸ்ல ஜனங்க தொலைச்சிட்டுப் போற சாமானைப் பாத்துக்கற வேலை இருக்கு" என்றார்.

குடைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் காவல் காக்க என் தம்பியா? அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தான் என்று அவன் மனைவி சொல்லி அழுதாள். எந்தத் தையலானாலும் எங்கே பிரிந்திருக்கிறது என்று பார்த்தால்தான் ஊசி போட முடியும். இதில் பிரிந்த இடமே தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தம்பி தன் மனைவியின் சைக்கிளில் வந்து நின்றான். முன்னால் கூடை வைத்தது.

"அக்கா, கால்வாய்ப் பக்கம் மெதுவா ஒரு சுத்து போயிட்டு வரலாமா? வெயிலும் இதமா இருக்கு."

அவன் சைக்கிள் மிதித்து எத்தனையோ வருடம் ஆகிறது. நாளை பதில் சொல்ல வேண்டியவன் இன்று உல்லாசமாக ஊர் சுற்றக் கூப்பிடுகிறானே என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் என் சைக்கிளுக்குக் காற்றடித்து, அவன் சைக்கிளுக்கும் அடித்து, சங்கிலியில் எண்ணெய் விட்டேன். அவன் கால்சட்டை சங்கிலியில் மாட்டாமல் இருக்க இரண்டு ஊக்கும் குத்தினேன்.

"இந்தக் கூடை சைக்கிள்ல உன்ன டிப்போக்காரங்க பாத்தா?"

"இப்பவே டூரிஸ்ட் பஸ்ஸுன்னுதான் கூப்பிடறாங்க. இனிமே என்ன வேணா சொல்லிக்கட்டும்."

அந்தக் காலத்தில் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்துப் போவார்களாம். அதற்காகப் போட்ட பாதை கால்வாயை ஒட்டியே போகிறது. பாலத்தடிக் கற்களில் கயிறு அறுத்த தடம் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கட்டடங்களின் முதுகு. தண்ணீரில் புது இலைகளின் நிழல் ஆடியது. அவன் முன்னால், நான் பின்னால். நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு நிதானமாக மிதித்தான். மனசு கொஞ்சம் லேசானது.

அப்போது திடீரென்று நிறுத்தினான். நான் போய் இடிக்கப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை, ஏதோ கிடங்கின் பின்சுவர். ஒரு காலை ஊன்றி, சுவரையே பார்த்தான். தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். மணி அடித்தான். கிளம்பிவிட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல, வா."

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதேபோல் செய்தான். இந்த முறை எதிரே குப்பைத் தொட்டிகள். அடுத்தது ஒரு முள்வேலி. ஒவ்வொரு இடத்திலும் அதே பார்வை, அதே மணி. டாக்டர்கள் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை. ஏன், எனக்குக் கழண்டுபோச்சுன்னு பாக்கறியா?"

"சேச்சே, எனக்கே மறந்துபோச்சுடா."

அடுத்த சுவரின் எதிரில் ரொம்ப நேரம் நின்றான்.

"இங்க எதுக்குடா இவ்வளவு நேரம்?"

"பசங்க ஏறி முடிக்க வேணாமா?"

என் கையிலிருந்து சைக்கிள் நழுவப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் இறங்கி வந்தான்.

"அக்கா, பயப்படாத. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அதுக்கு முன்னால என் ரோடு. கால்வாய் என் ரோட்டுக்குப் பின்னாலயே வருது. முன்பக்கமாப் போக எனக்குத் தைரியம் இல்ல. அதான் பின்பக்கமாப் போய்ப் பாக்கறேன், எங்க தப்புனேன்னு."

"அதை வீட்டுலயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா வந்திருப்பியா? டாக்டர்கிட்டதான இழுத்துட்டுப் போயிருப்ப."

அது உண்மைதான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் என்னையும் அறியாமல் நானே மணி அடித்தேன்.

கால்வாய் இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. ஒரு கிளை நேராகப் போகிறது, இன்னொன்று இடப்பக்கம் வளைகிறது. அவன் இறங்கிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான்.

"இங்கதான். அந்தப் பக்கம் என் முனை."

"எதை அடையாளம் வெச்சுத் திரும்புவ? கடையா, போர்டா?"

"அதுதான் தெரியல. அங்க நீளமா ஒரு மதில்தான் இருக்கு. ஸ்டாப்ல நிப்பேன், கதவு திறக்கும், மூடும், கை தானாத் திரும்பும். பல்லு விளக்கறப்ப எந்தப் பல்லுல ஆரம்பிப்பன்னு கேட்டா நீ சொல்லுவியா?"

யோசித்துப் பார்த்தேன். என்னாலும் சொல்ல முடியவில்லை.

"ஆனா இங்க என்னமோ ஒண்ணு இல்ல அக்கா" என்றான்.

"எது இல்ல?"

"தெரியல. என்னமோ இல்ல."

இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது? நான் தண்ணீரைப் பார்த்தேன், மேலே பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன். எதிரே குழாய்கள் நிறைந்த பெரிய கட்டடம். அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆள் மட்டும், மனிதர் உயரத்துக்கு இருந்த வட்டமான இரும்பு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்தேன்.

"இது என்ன இடங்க?"

"துணி வெளுக்கற ஃபேக்டரிம்மா. ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் துணி எல்லாம் இங்கதான் வெளுத்தோம். இப்ப ஊருக்கு வெளிய மாத்திட்டாங்க. போன செவ்வாக்கிழமை பாய்லரை அணைச்சாச்சு."

தம்பி வழியைத் தவறவிட்டது அதற்கு மறுநாள். எனக்கு அப்போதும் ஒன்றும் ஓடவில்லை. அவனுக்கு என்ன ஓடியதோ, கிடுகிடுவென்று உள்ளே போய் அந்த இயந்திரத்தின் வாய்க்குள் தலையை நுழைத்துவிட்டான்.

"அண்ணே, அண்ணே! அது தலை குளிக்கற இடம் இல்லண்ணே!" என்று அந்த ஆள் கத்தினார்.

நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். சோப்பும் வெந்த துணியும் கலந்த வாசனை எனக்கும் அடித்தது. அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். இயந்திரத்துக்கு வெளியே காற்றில் எதையோ பிடித்திருந்தன. மெதுவாக இடப்பக்கம் திரும்பின.

தலையை வெளியே எடுத்தபோது கண்ணில் தண்ணீர். "சோப்புத் தூள் பட்டிருச்சு" என்றான்.

அந்த நீள மதில் இந்த ஃபேக்டரியுடையது. நிறுத்தத்தில் பஸ் கதவு திறந்ததும் அந்த நீராவி வாசனை வண்டிக்குள் வரும், வந்ததும் கை திரும்பும். இப்படித்தான் இத்தனை வருடமும் நடந்தது என்றான். எனக்கு இதை நம்புவதா வேண்டாமா என்று புரியவில்லை. வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறும், சரி. பஸ் திரும்புமா? அப்படியே இருந்தாலும் அந்த வாசனை இனிமேல் வரப்போவதில்லையே. வரும் வழியெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவனோ நிறுத்தங்களில் மட்டும் நின்றான்.

திங்கட்கிழமை மேலாளரிடம் "ஸ்டியரிங்" என்று சொல்லிவிட்டான். கடையைப் பூட்டிவிட்டு நான் முதல் நடைக்கே போய், அவனுக்குப் பின்னால் இருந்த இருக்கையைப் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் அந்த நர்ஸ் அம்மா உட்கார்ந்தார்.

நீள மதில் நிறுத்தத்தில் கதவு திறந்தது. சாலைப் புழுதி வாசனை மட்டும் வந்தது. கதவு மூடியது. தம்பியின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி முனையை நெருங்கியது. அப்போது முன்னாலிருந்து கடைசி இருக்கை வரை மொத்த பஸ்ஸும் ஒரே குரலில் கத்தியது.

"லெஃப்ட்டு! லெஃப்ட்டு!"

வண்டி இடப்பக்கம் திரும்பியது. "தெரியுதுங்க, தெரியுது" என்றான் அவன். காது மடல் சிவந்துபோயிருந்தது.

கை முதலில் திரும்பியதா, சத்தம் முதலில் வந்ததா? அவ்வளவு பக்கத்தில் இருந்தும் என்னால் சொல்ல முடியவில்லை. அவனைக் கேட்டால், "கத்துனதுல உன் குரல்தான் பெருசு" என்கிறான். அன்று பஸ்ஸில், பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"புதுசா ஏறுறீங்களா? இந்த முனையில நாம சத்தம் போடணும். இல்லேன்னா இவரு நேராப் போயிருவாரு. மத்தபடி தங்கமான டிரைவர்."

"என் தம்பி" என்றேன்.

இப்போதும் தினமும் கத்துகிறார்கள். மழை நாளில் கண்ணாடிக் கதவெல்லாம் சாத்தியிருந்தாலும், அவன் வண்டி அந்த முனையில் திரும்புவது தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும் என்கிறார்கள்.