பொட்டு வைத்த லினக்ஸ்

என் மனைவிக்கு சிங்கப்பூரில் கணக்கு வேலை. உலு திராமில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, எல்லையைக் கடக்கும் பாலத்தில் ஊர்ந்து, அங்கே போய்ச் சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். திரும்பி வரும்போது மீதியும். அதனால், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்தபோது வீடே தீபாவளி ஆகிவிட்டது.

நேர்காணல் திங்கட்கிழமை காலை, வீடியோவில். கணக்குகளைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும் என்பதால் கைப்பேசி உதவாது. வீட்டு லேப்டாப் ஏற்கெனவே மண்டையைப் போட்டிருந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாங்க" என்றாள்.

"எதுக்கு? கடையில பழசு ஒண்ணு வாங்குனா போதும். லினக்ஸ் போட்டா பறக்கும்" என்றேன்.

சிலருக்குத் தூண்டில் பைத்தியம், சிலருக்குப் பழைய மோட்டார்சைக்கிள். எனக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ்.

பழைய லேப்டாப் விற்கும் கடையில் நான் பெண் பார்க்கப் போனவன் மாதிரி நடந்துகொண்டேன். எல்லா விசைகளையும் தட்டினேன். மூடியை ஆட்டினேன். பேட்டரியை முறைத்தேன். கடைக்காரச் சீனர் பொறுமை இழந்து, "பாஸ், விண்டோஸ் பாரு தா போலே லா" என்றார், புது விண்டோஸ் இதில் ஏறாது என்று. அவர் குறையாகச் சொன்னது என் காதில் தேனாகப் பாய்ந்தது. உடனே வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைச் சாமி மேடைக்கு முன் வைத்துத் திறந்தாள். எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் இதுதான் முறை. கார், ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாமே பொட்டோடுதான் இருக்கின்றன. லேப்டாப்புக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள்.

லினக்ஸ் சமர்த்தாக ஏறியது. வைஃபை வந்தது, ஒலி வந்தது. கேமராவைத் திறந்தால் கும்மிருட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. பக்கத்திலிருந்த குட்டி விளக்கு வேறு 'நான் வேலை செய்கிறேனே' என்று எரிந்து கடுப்பேற்றியது.

ஞாயிறு முழுக்கப் போராடினேன். வேறு வகை லினக்ஸ் போட்டேன், பிறகு அதையும் தூக்கிவிட்டு இன்னொன்று. இணைய மன்றம் ஒன்றில் புலம்பியபோது யாரோ ஒரு வெள்ளைக்காரர், கேமராவை ஏதாவது மறைக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். நான் என்ன சின்னப்பிள்ளையா? அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று வெடுக்கென்று பதில் போட்டேன்.

பக்கத்து வீட்டில் லேப்டாப் இரவல் கேட்கலாமென்றால், அவர்கள் பொந்தியானுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மனைவி மறுநாள் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "உங்க வெளையாட்டுக்கு என் வேலைதான் கெடச்சுதா?"

எனக்குச் சுருக்கென்றது.

திங்கள் காலை வேறு வழியில்லாமல் இருட்டோடேயே உட்கார்ந்தாள். நான் மேசைக்குப் பக்கத்தில் குற்றவாளியாக நின்றேன். அந்தப் பக்கம் ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். படம் தெரியவில்லை என்றார். மனைவி மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, ஓரத்திலிருந்த சிவப்பை உற்றுப் பார்த்தார். சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"லேப்டாப் இப்பதான் வாங்குனீங்களா?"

"ஆமாங்க."

"சாமி கும்பிட்டீங்களா?"

நாங்கள் இருவரும் லேப்டாப்பைப் பார்த்தோம். திரைக்கு மேலே, நட்டநடு நெற்றியில், வட்டமாக ஒரு பொட்டு. நெற்றி இருக்கும் இடத்தில்தான் கேமராவும் இருந்தது. இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருந்ததால் அது கண்ணில் படவே இல்லை.

"அலமாக்!" என்று மனைவி விரலால் துடைத்தாள். குங்குமத்தைக் கீழே உதற மனமில்லாமல், அனிச்சையாகத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் அவளை முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேள்விகளெல்லாம் சுமுகமாகவே போயின.

வேலை கிடைத்தது. கூடவே நிறுவனத்திலிருந்து பளபளவென்று ஒரு லேப்டாப்பும் வந்து சேர்ந்தது, விண்டோஸோடு. என் லினக்ஸை யாரும் சீந்தவில்லை. வருத்தமில்லை என்றால் பொய்.

ஆனால் இப்போது ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், வேலை நாளில் விடிந்த பிறகும் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தினமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.