கெட்ட தடுப்பூசி மணக்காது

மிஸ் தன் உள்ளங்கையைக் குளிர் அறைக் கதவில் வைத்தபடி நின்ற அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது. மற்ற நாட்களில் அந்த இரும்புக் கதவைத் தொட்டால் விரல் கூசும். அன்று அது ஏதோ ஒரு வீட்டுக் கதவைப் போல இருந்தது. மிஸ் கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்து, "நீரும் ஒருக்கா தொட்டுப் பாரும்" என்றார். தொட்டேன்.

மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோய், டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. கொழும்பு மட்டக்குளியில், வெளிநாட்டு மருந்துகளை இறக்கி விநியோகிக்கும் ஒரு தனியார் கம்பனியின் களஞ்சியத்தில் நான் உதவி மருந்தாளராக இருந்தேன். மிஸ் தலைமை மருந்தாளர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண், ஐம்பதைத் தாண்டியவர், கணவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கடுமையானவர் என்று பெயர் எடுத்திருந்தாலும், மத்தியானச் சாப்பாட்டில் தன் மீன் பொரியலைப் பங்கு வைக்காமல் அவர் உண்டதை நான் கண்டதில்லை. அந்த வார இறுதி விடுமுறையில் ஜெனரேட்டரின் டீசல் தீர்ந்திருக்கிறது. காவலாளி மனேஜருக்கு அழைத்திருக்கிறார். மனேஜர் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இன்சுலினும், கைக்குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளும் பெட்டி பெட்டியாக இருந்தன. நாங்கள் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்தது வெறும் புழுக்கம்.

மிஸ் நேரே மனேஜரிடம் போனார். நானும் பின்னால் போனேன். அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அவரும் பயந்துதான் இருந்தார். "மிஸ், பிரஷ்ன ஹதன்ன எபா" என்று சிங்களத்தில் தொடங்கினார். பிரச்சினை கிளப்ப வேண்டாமாம். இன்சுலினை எத்தனையோ பேர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே வைத்திருக்கிறார்களே, இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று கேட்டார். மருந்தில்லாமல் நாடு தவிக்கிற நேரத்தில் இவ்வளவையும் குப்பையில் கொட்டச் சொல்கிறீர்களா என்றும் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

மிஸ் குரலை உயர்த்தவில்லை. "இன்சுலினைப் பற்றிப் பிறகு கதைப்பம். தடுப்பூசி அப்பிடி இல்லை. கெட்ட மீன் மணக்கும் சேர். கெட்ட தடுப்பூசி மணக்காது. ஊசி போட்டாச்சு எண்டு நம்பித் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவா. அந்தப் பிள்ளைக்கு ஒரு காவலும் இருக்காது" என்றார்.

மனேஜர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பின்னேரம் மேலிடத்தின் பதில் எங்களுக்கு வரவில்லை, பெட்டிகளை விநியோகத்துக்கு ஏற்ற லொறிதான் வந்தது. பெட்டிகள் ஏறுவதை மிஸ் களஞ்சிய வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றுகிறவர்களை மறிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. லொறி சந்தியில் திரும்பி மறைந்ததும் கைப்பையை எடுத்தார். "நான் இதைச் சொல்லவேண்டிய இடத்தில சொல்லப்போறன். நீர் என்னோட வரவேண்டாம். நான் எங்க போறன் எண்டு தெரியும் எண்டும் சொல்ல வேண்டாம்" என்றார்.

மருந்துகளைக் கண்காணிக்கும் அரச அலுவலகம் ஒன்றுக்கு அடுத்த நாள் காலையில் அவர் நேரிலேயே போய், அந்த மீன் கதையையும் சேர்த்து, நடந்ததைச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகக் கேட்டாராம். தேநீர்கூட வந்ததாம். "உங்கட பேர் வெளியில வராது, பயப்படாதேங்கோ" என்றாராம். மிஸ் அன்று மத்தியானம் வேலைக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எனக்கும் நிம்மதி வந்தது.

அந்த நிம்மதி மறுநாள் வரைதான். மனேஜர் எங்கள் மேசைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "மிஸ், அந்தக் கெட்ட மீன் கதையை வெளியிலயும் போய்ச் சொன்னீங்களாமே. நல்ல கதைதான்."

மிஸ்ஸின் கையிலிருந்த பேனை நின்றுவிட்டது. பெயரை மறைப்போம் என்றவர்கள் அவருடைய சொல்லைக்கூட மறைக்கவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிளோடு யாராவது நின்றால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டேன். எடுக்காவிட்டால் எடுத்திருக்கலாமோ என்று தவிப்பேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அதனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று கணவரிடம் சொல்லவும் முடியவில்லை. மிஸ்ஸின் வீட்டுக்குத்தான் அழைப்புகள் வந்தன. எடுத்தால் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்குமாம். அவருடைய கணவர் கடைசியில் அந்த வீட்டுத் தொலைபேசியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

தடுப்பூசிகளைக் கம்பனி மீளப் பெற்றது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சத்தமில்லாமல், தாங்களாகவே முன்னெச்சரிக்கையாகச் செய்ததுபோல, லொறி போன இடமெல்லாம் போய்ப் பெட்டிகளைத் திருப்பி எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு உள்ளக விசாரணை வந்தது. குளிர் அறைக்குப் பொறுப்பானவர் தலைமை மருந்தாளர். அவர் கவனக்குறைவாக இருந்ததால் மருந்து பழுதானது. தன் பிழையை மறைக்க வெளியில் போய்க் கம்பனி இரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். இதுதான் முடிவு. மிஸ்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நீதிமன்றங்கள் இருக்கும் அளுத்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க மிஸ்ஸோடு நானும் போனேன். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். "இலஞ்சம், ஊழல் எண்டால் சொல்லுறவருக்கு ஏதோ ஒரு காப்பு இருக்கு அம்மா. ஒரு தனியார் கம்பனியின்ர குளிர் அறை பழுதாப் போனதைச் சொன்னவருக்கு என்ன இருக்கு எண்டு தேடித்தான் பார்க்கவேணும்" என்றார்.

"நீங்கள் தேடி எடுக்கும்வரைக்கும் நான் எங்க நிக்கிறது சேர்?" என்று கேட்டார் மிஸ். கடைசியில், வேலை நீக்கம் தவறு என்று தொழில் நியாய மன்றில் வழக்குப் போடுவதுதான் எஞ்சிய வழி என்றார் சட்டத்தரணி.

சாட்சி சொல்ல எனக்கும் அழைப்பாணை வந்தது. அப்போதும் நான் அதே கம்பனியில்தான் இருந்தேன். "உண்மையைச் சொல்லு. ஆனா வேலை போகும் எண்டு தெரிஞ்சுகொண்டு சொல்லு" என்றார் கணவர். சாட்சிக் கூண்டில் நின்றபோது என் மனேஜர் முன்வரிசையில் இருந்தார். கதவு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். குளிர் இல்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னபோது எவ்வளவு சின்ன வசனம் என்று தோன்றியது. அந்த மாதமே என்னைக் கணக்குப் பிரிவின் ஒரு மூலைக்கு மாற்றினார்கள். செய்ய ஒரு வேலையும் தரவில்லை. பிறகு நானாகவே விலகினேன். மன்று மிஸ்ஸின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பனி மேன்முறையீடு செய்தது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. மிஸ்ஸின் விண்ணப்பத்தைப் பார்த்து எந்த மருந்துக் கம்பனியும் அவரை அழைக்கவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறார்.

நான் இப்போது வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் நிற்கிறேன். போன மாதம், தகப்பனுக்கு மருந்து எடுக்க வழக்கமாக வரும் தெமட்டகொடைப் பெண் ஒருத்தி, கடையில் ஆட்கள் குறையும்வரை நின்று, குரலைத் தாழ்த்தினாள். அவள் வேறொரு மருந்துக் கம்பனியில் வேலை செய்கிறாள். அங்கே காலாவதித் திகதியை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடிக்கிறார்களாம். "அக்கா, இத நான் சொன்னா எனக்கு ஒண்டும் ஆகாதா?" என்று கேட்டாள்.

ஆகாது என்று சொல்ல என் வாய் வரவில்லை. ஆகும் என்றால் அவள் சொல்லாமல் விடுவாள், அந்த மருந்துப் பெட்டிகள் நோயாளிகளிடம் போய்ச் சேரும். இப்படிச் சொல்கிறவர்களுக்குச் சட்டம் வரப்போகிறது, பாதுகாப்பு வரப்போகிறது என்று தொலைக்காட்சியில் கதைக்கிறார்கள்; அவளுக்குப் பதில் அன்றே வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளை மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன்.

மிஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவளை அவசரப்படுத்தாமல் முழுவதையும் கேட்டார். வீட்டில் உழைப்பது யார் என்று கேட்டார். தான் மட்டும்தான் என்றாள் அவள்.

"உம்மட பேர் வேண்டாம் பிள்ளை. என்ர பேரில சொல்லுவம். என்னட்ட இருந்து பறிக்க இனி அவைக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார் மிஸ்.

"மிஸ், வழக்கு இன்னும் முடியேல்லையே" என்றேன். "கம்பனிகளுக்கு எதிராச் சொல்லித் திரியிறதே இவவுக்குத் தொழில் எண்டு வழக்கில சொல்லுவினம்."

"ஓம்" என்றார் மிஸ். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீர் அந்த வாசல் கதவைச் சாத்திப்போட்டு வாரும். பிள்ளை, நீர் முதலில இருந்து சொல்லும், நான் எழுதிறன்."