மிளகுக்கொடிக்குப் பின்னால் இருந்தது யார்?

“உனக்கெதுக்குடி கண்ணு அதெல்லாம்? போன்ல மிளகுக்கொடி போயி என் மூஞ்சி ஏன் வந்துச்சுன்னு கேக்க வந்துட்டா! மொதல்ல சோத்தைத் தின்னு!”

பேத்தியைத் திட்டிப் பார்த்தேன். விடவில்லை. சொல்லிவிட்டேன்.

“மூஞ்சி போடாதீங்க அம்மாயி, கண்டவனும் பாப்பான்” என்று வாட்ஸ்அப்பில் என் மூஞ்சிக்குப் பதிலாக அந்த மிளகுக்கொடிப் படத்தை வைத்துக் கொடுத்தவளே அவள்தான். புது நம்பர், ஊரில் யாருக்கும் தெரியாது. நான் வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும். ஏற்காட்டுக்கு பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதிலும் சேர்த்துவிட்டுப் போனாள்.

கொடிக்குப் பின்னால் ஒளிந்ததும் எனக்குக் குசும்பு ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. குரூப்பில் அவள் நம்பரைப் பிடித்து, “இன்னிக்குக் கொழம்பு தீஞ்சு போச்சுங்களா?” என்று அனுப்பினேன். மறுநாள், “செவப்புச் சேலை நல்லாருக்குதுங்க.” பதில் இல்லை. நான் மட்டும் சிரித்தேன்.

பிறகு ஏதோ ஒரு நம்பரிலிருந்து எனக்கு வந்தது. படம் வைக்கவில்லை, கண்ணும் மூக்கும் இல்லாத வெறும் தலை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: “நீ யாருன்னு தெரியும்.”

பேர் சொல்லாமல் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் நாங்கள் வாய் திறப்போம். பேய் மூன்று தரம் கூப்பிடாது. மூன்றாவது வரட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்தது வந்தது: “உன் ஊடு தெரியும்.” பட்டப்பகலில் தாழ்ப்பாள் போட்டேன். வாசலில் விளக்குமாறும் செருப்பும் வைத்தேன். வெளியே பனிமூட்டம். காப்பிச் செடி அசைந்தாலும் மூஞ்சியில்லாத ஒருத்தன் நிற்பது போலிருந்தது. மூன்றாவது வரவே இல்லை. அப்படியென்றால் அது மனிதன் இல்லையே!

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். “ஏனுங்க ஆத்தா!” மூச்சுவிடவில்லை. “ஆத்தா!” அரிவாளைத் தேடினேன். மூன்றாவது குரலோடு குழந்தையும் அழுதது. திறந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண், கையில் துணிப்பை.

“எவனோ எங்க ஊட்டையே பாத்துக்கிட்டிருக்கானுங்க. சேலை நெறம் மொதக்கொண்டு சொல்றான். எங்கூட்டுக்காரரு பழைய சிம்முல ரெண்டு தரம் மெரட்டிப் பாத்தேன், வாயே தொறக்கல. நொம்ப பயமா இருக்குதுங்க. மாரமங்கலத்துக்கு எங்கம்மாகிட்டயே போயிர்றேன்.”

என் பேய் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்தது: இவளிடம் எப்படிச் சொல்வது? போனை நீட்டி மிளகுக்கொடியைக் காட்டினேன்.

“நீங்களா?” என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். “மூணு நாளா கொழந்தையைக் கீழ எறக்கலீங்க ஆத்தா.”

பையை அவள் கீழே வைக்க நேரமாயிற்று. வைத்ததும் என் போனைப் பிடுங்கி, என் மூஞ்சியைப் படமெடுத்து, கொடி இருந்த இடத்தில் போட்டுவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் வந்து கேட்டார்கள்: “அந்தப் புள்ளைய பயமுறுத்துனவன் ஆம்புட்டானுங்களா?”

“அவன் இல்லீங்க, அவ. பல்லுப்போன கெழவி, வாய்க்கொழுப்பு புடிச்சவ. குரூப்பைத் தொறந்து பாருங்க, மூஞ்சி இருக்குது” என்றேன்.