விண்கலத்துக் கழிப்பறை

நான் கழிப்பறை செய்கிறேன். மனிதர்கள் ஏறிப் போகும் விண்கலத்துக்குள் வைக்கிற கழிப்பறை. ஐரோப்பாவில் ஒரு குளிர் நகரத்தில், பன்னிரண்டு பொறியியலாளர்கள் கொண்ட குழுவில் நானும் ஒருவன். இதை இப்படி வெளிப்படையாக எழுத எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. அதில் மூன்று வருடம் அம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன்.

அம்மா மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை பார்க்கிறார். கீழ்த்தளத்துப் பெண்கள் கழிப்பறையும் முதல் மாடிப் பெண்கள் கழிப்பறையும் அவர் பொறுப்பு. நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை வைத்தபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியே வந்தோம். அதன்பின் அவருக்குக் கிடைத்த வேலை அதுதான். அப்பா கடைசிவரை கைநாட்டு. வீட்டில் முதலில் படிவம் ஐந்து வரை பள்ளிப் படிப்பை முடித்தவன் நான். அதனால் மலாயில் வரும் என் பள்ளி ஃபாரங்களை நானே நிரப்புவேன். தாயின் தொழில் என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருடமும் இல்லத்தரசி என்று எழுதினேன். அம்மாவுக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

வேலை கிடைத்ததும், ராக்கெட்டில் எந்தப் பகுதி உனக்கு என்று போனில் கேட்டார். காற்று சமாச்சாரம்மா என்றேன். முழுப் பொய் இல்லை. அங்கே மேலே எதுவும் கீழே விழாது. ஆகவே உட்காருவதற்கு முன் விசிறியைப் போட வேண்டும். அந்தக் காற்றுதான் எல்லாவற்றையும் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகும். விசிறியும் குழாயும் சேருகிற இடத்தில் கசிவு வராமல் பார்ப்பது என் வேலை. சோதனைக்கு நிஜமான சிறுநீர் வேண்டும். கூட வேலை செய்பவர்கள் காலையில் போத்தலில் பிடித்து வைப்பார்கள். நான் தள்ளுவண்டியில் வைத்துச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே யாருக்கும் இதில் கூச்சம் கிடையாது. எங்கள் மேலாளர் அம்மாள்கூடத் தன் போத்தலில் நேரம் எழுதி ஒட்டி வைப்பார். எனக்கு மட்டும் அந்த வண்டியைத் தள்ளும்போதெல்லாம் அம்மாவின் மஞ்சள் வாளி வண்டி ஞாபகம் வரும். இவ்வளவு படித்து இதே வண்டிக்குத்தான் வந்து சேர்ந்தேனா என்று நினைப்பேன். நினைத்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன வருட விடுமுறையில் வந்திருந்தபோது கோயில் திருவிழா. சிம்பாங் பூலாய் ஊரைத் தாண்டி உள்ளே, எங்கள் தோட்டத்தில் மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். தாமான் எனும் நகர்க் குடியிருப்புகளுக்குப் பிரிந்து போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் கொட்டகையில் படித்த பிள்ளைகளுக்கு மாலை போடுவது வழக்கம். அந்த வருடம் என் முறை. போய்ப் பார்த்தால் வாசலில் பெரிய பேனர். விண்வெளி உடை போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் என் தலை. கீழே, நம் தோட்டத்து விண்வெளி வீரர்.

கோயில் செயலாளரை ஓரமாகக் கூப்பிட்டு, நான் வீரர் இல்லை அண்ணே, எஞ்சினியர் என்றேன். அவர் பேனரையே நிமிர்ந்து பார்த்தார்.

"அடிச்சாச்சு தம்பி, விடு லா. எஞ்சினியர்னு போட்டா யாரு வருவா? தாமானுக்கு நாலு எஞ்சினியர் இருக்கான்."

விட்டுவிட்டேன்.

அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரோடு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண், மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் அணிந்து, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனத்தோடு. தமிழ் ஒரு சொல் தெரியாதவர் ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டுக்காக இருக்கும் என்று நினைத்தேன். நான் பேசப் பேச அம்மா அவர் காதில் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். மேடையிலிருந்து பார்த்தபோது அம்மாவின் வாய் என் வாய்க்கு ஒரு வாக்கியம் பின்னால் அசைந்துகொண்டிருந்தது.

பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஐந்தாம் ஆண்டு படிக்கும் வயதுள்ள ஒரு சிறுமி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"அண்ணே, மேல போறவங்க எப்படி தண்டாஸ் போவாங்க?"

கழிப்பறையைத்தான் கேட்டாள். கொட்டகையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள். அம்மா குனிந்து அந்த இந்தோனேசியப் பெண்ணின் காதில் கேள்வியைச் சொன்னார். அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் பேராக் மாநிலத்திலேயே இருந்திருக்க மாட்டார். தோளில் பொன்னாடை, கழுத்தில் மாலை, வாசலில் அந்தப் பேனர்.

"அது வேற டிப்பார்ட்மெண்ட் பாக்குறாங்கம்மா. நான் அந்தப் பக்கம் போறதில்ல."

சிறுமி உட்கார்ந்துவிட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் வாய் அசையவில்லை.

மறுநாள் காலை அம்மாவை நான்தான் காரில் வேலைக்கு அழைத்துப் போனேன். ஊருக்குள் நுழைந்து ஒரு சிக்னலில் நின்றபோது பேச ஆரம்பித்தார். என் வேலை அவருக்கு ஒரு வருடமாகத் தெரியுமாம். நான் ஒரு மாநாட்டில் ஆங்கிலத்தில் பேசிய காணொளியை, அவர் சூப்பர்வைசரின் மகள் இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதில் நான் கழிப்பறை மாதிரியின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசுவேன். டீ நேரத்தில் துப்புரவுப் பெண்கள் எல்லாரும் அதைப் போட்டுப் பார்ப்பார்களாம். புரியாத இடங்களை அந்த மகள் விளக்குவாளாம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். பச்சை விளக்கு விழுந்தது. கொஞ்ச தூரம் போனபின் சொன்னார். "என்கூட வந்தாளே, அவ நீ இந்த வேலையப் பத்திப் பேசுறதைக் கேக்கத்தான் லீவு போட்டுட்டு வந்தா. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னான்னு கேட்டா. மைக் சரியா கேக்கலன்னு சொல்லிட்டேன்."

பேரங்காடியின் பின்வாசலில் இறங்கும்போது, பத்து மணிக்கு டீ, நேரம் இருந்தால் வா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போனேன். ஒரு பை நிறைய கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு போனேன், அது போதும் என்பது போல. படிக்கட்டுக்குக் கீழே அவர்கள் ஓய்வெடுக்கும் இடம். சுவரில் துடைப்பான்கள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து பெண்கள் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தந்தார்கள். அந்த இந்தோனேசியப் பெண் மலாயில் என்னைக் கேட்டார், மேலே அதை யார் கழுவுகிறார்கள் என்று.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா ஒரு கறிபாப்பைப் பிட்டுக்கொண்டே, பக்கத்தில் இருந்த தமிழ் அக்காவிடம் சொன்னார்.

"இவன் சொல்ல மாட்டான் லா. நான் சொல்றேன்."

மலாயில் சொன்னார். ஆளுக்கு ஒரு நாள், முறை வைத்து மேலே போனவர்களே கழுவுவார்கள். கேப்டனுமா என்று ஒருவர் கேட்டார். கேப்டனும்தான் என்றார் அம்மா. பெண்கள் வாளிகளைத் தட்டிச் சிரித்தார்கள். முதலில் விசிறி, அப்புறம் உட்காருவது, அப்புறம் மூடி என்று கையால் செய்து காட்டினார். வரிசையில் ஒரு தப்பு இல்லை. நானும் சிரித்தேன், கையில் இருந்த கறிபாப்பைப் பார்த்துக்கொண்டு.

ஐரோப்பா திரும்புமுன் அந்தச் சிறுமி யார் வீட்டுப் பிள்ளை என்று செயலாளரிடம் விசாரித்தேன். அத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எதைக் கண்டேன் தம்பி என்றார். அவளுக்கு இன்றுவரை அது வேறு யாரோ பார்க்கிற வேலை.