தண்ணீர் வராத நீரூற்றைச் சுற்றிய ரிக் வண்டி

நாச்சிமுத்து ஒரு காரியத்தில் கில்லாடி, இன்னொரு காரியத்தில் சுத்த மண்டு. இரண்டையும் அவரே சொல்லுவார். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த நீளமான ரிக் லாரியை எந்த மலைப்பாதையிலும் வெற்றிலையை மென்றுகொண்டே ஏற்றி இறக்கிவிடுவார். ரவுண்டானாவைக் கண்டால் மட்டும் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"நேர் ரோடுன்னா நான் ராசாங்க. வட்டமா ஒண்ணக் கட்டி வெச்சுட்டா செக்குமாடுங்க" என்று திருச்செங்கோட்டு டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வார். அடுத்தவன் கிண்டல் பண்ணுவதற்குள் நாமே முந்திக்கொண்டால் வலி குறைவு என்பது அவர் கணக்கு.

கிண்டலுக்குச் சரக்கு நிறையவே இருந்தது. ஆந்திராவில் ஓர் ஊர் ரவுண்டானாவின் நடுவில் புதிதாக வைத்திருந்த பூச்செடிகளைப் பின்சக்கரத்தால் உழுதுவிட்டு வந்தவர் அவர். மத்தியப் பிரதேசத்தில் எந்த வழியில் வெளியேறுவது என்று யோசித்து யோசித்து, வந்த வழியிலேயே வெளியேறி, ரொம்ப தூரம் போன பிறகு, "இந்த ஊரை எங்கியோ பாத்தாப்ல இருக்குதே" என்று சொன்னவரும் அவரேதான்.

அதே பயணத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. ரிக் வண்டி தனியாகப் போகாது. குழாய்கள், டீசல், வேலையாட்கள், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சப்போர்ட் வண்டி பின்னாலேயே வரும். அன்றைக்கு நாச்சிமுத்து பின்னால் பார்க்காமல் ஒரு வட்டத்தில் திரும்பிவிட்டார். சப்போர்ட் வண்டி வேறு வழியில் போய்விட்டது. பொழுது சாய்கிறபோது ரிக் ஒரு மாநிலத்தில் நின்றது, அரிசி இன்னொரு மாநிலத்தில் நின்றது. பட்டினி கிடந்த வேலையாட்கள் அவரை வைத வசவு இன்னும் அவர் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அவரும் சப்போர்ட் வண்டி ஓட்டும் குழந்தைவேலும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பின்வண்டியைக் கண்ணாடியில் பார்க்காமல் முன்வண்டி திரும்பக் கூடாது. முன்வண்டி திரும்புவதைக் கண்ணால் பார்க்காமல் பின்வண்டி திரும்பக் கூடாது. நல்ல சட்டம்தான். அதையும் ரவுண்டானாதான் கெடுத்தது.

போன தை மாதம், நாலு மாத ஓட்டம் முடித்து இரண்டு வண்டிகளும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்துவுக்கு அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். ஒரே மகள் ரஞ்சிதாவைப் பெண் கேட்டிருந்த குமாரபாளையத்துக்காரர்கள் சாயங்காலம் கடைசிப் பேச்சுக்கு வருகிறார்கள். மாப்பிள்ளை குமரனுடையது தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போயிருந்தது. ஆனால் குமரனின் அப்பா அர்த்தனாரி லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. "லாரிக்காரர் ஊட்டுச் சம்பந்தம் நெலையா இருக்குமா?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். நேரில் பார்த்துத்தான் சம்மதம் சொல்வாராம். தன்னால் மகளுக்கு ஒரு நல்ல இடம் தட்டிப்போய்விடக் கூடாது என்பதே வழியெல்லாம் நாச்சிமுத்துவின் வேண்டுதல்.

ஊர் எல்லையில் பழைய நாலு ரோடு சந்திப்புக்கு வந்தவர் திடுக்கிட்டுப் போனார். அவர் ஊரில் இல்லாத நாலு மாதத்தில் அங்கே ஒரு ரவுண்டானாவைக் கட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் சிமெண்டு நீரூற்று. அதில் தண்ணீர் கிடையாது. அதைச் சுற்றிக் கல்யாண வாழ்த்து, காதுகுத்து வாழ்த்து என்று ஆள் உயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸ் தட்டிகள்.

"சொந்த ஊர்லயுமா எனக்குக் குழி வெட்டி வெக்கோணும்?" என்று முனகிக்கொண்டே உள்ளே நுழைந்தார். பின்னால் வந்த குழந்தைவேலை ஒரு கல்லூரிப் பேருந்து மறித்துக்கொண்டது. கண்ணாடியில் சப்போர்ட் வண்டியைக் காணோம். சட்டம் சட்டம்தான். நாச்சிமுத்து வீட்டுக்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டு இன்னொரு சுற்றுப் போனார்.

இதற்குள் குழந்தைவேல் உள்ளே நுழைந்துவிட்டான். முன்னால் ரிக்கைக் காணோம். அது திரும்பியதையும் அவன் பார்க்கவில்லை. அவனுக்கும் சட்டம் சட்டம்தானே? அவனும் சுற்றினான். தட்டிகளுக்கு இந்தப் பக்கம் ரிக், அந்தப் பக்கம் சப்போர்ட். இவர் தேடிக்கொண்டு வேகமெடுத்தால் அவனும் தேடிக்கொண்டு வேகமெடுத்தான். இவர் காத்திருப்போம் என்று மெதுவாகப் போனால் அவனும் மெதுவாகப் போனான். போன் போட்டார்கள். இவர் அவனைக் கூப்பிட, அவன் இவரைக் கூப்பிட, இரண்டு பேருக்கும் லைன் பிஸி. "இந்த நேரத்துல யார்ட்றா பேசிட்டிருக்கறான்" என்று இரண்டு வண்டியிலும் ஒரே வசவு.

ஓரத்து டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. போர் போடுகிற வண்டி, தண்ணீர் வராத நீரூற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"பவுண்டனுக்கு போர் போட வந்திருக்காங்களாட்ட இருக்குது. தண்ணி பாயிண்ட் தேடறாங்க" என்றார் டீக்கடைக்காரர். சொன்னதோடு நில்லாமல் போனை எடுத்துப் படமும் பிடித்தார்.

கடைசியில் போக்குவரத்துப் பெண் காவலர் ஒருவர் ரிக்கின் எதிரில் வந்து நின்று கையைக் காட்டினார். ரிக் நின்றது. கொஞ்ச நேரத்தில் சப்போர்ட் வண்டி அதன் வாலிலேயே வந்து நின்றது. குழந்தைவேல் குதித்து இறங்கி ஓடிவந்தான்.

"எங்கண்ணா போயிட்டீங்க? உங்களத்தான் தேடிட்டிருக்கறேன்."

"நான் எங்கீடா போனேன்? உன்னத்தான் தேடிட்டிருக்கறேன்."

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் கெடச்சுட்டீங்கல்ல? கெளம்புங்க" என்றார். நாச்சிமுத்துவுக்கு அசடு வழிந்ததைத் துடைக்கத் தோளில் கிடந்த துண்டு போதவில்லை.

அவர் வீடு சேர்வதற்குள் வீடியோ வீடு சேர்ந்துவிட்டது. மனைவி தெய்வநாயகி வாசலிலேயே போனை நீட்டினாள். "ஏனுங்க, இந்தியாவெல்லாம் சுத்துன மனுசனுக்கு இதையும் சுத்தாம இருக்க முடியலீங்களா? அதுவும் இன்னிக்கா?"

"விடு தெய்வநாயகி. மூஞ்சி தெரியலையல்ல?"

"மூஞ்சி எதுக்குங்க? லாரி மேல இத்தாத்தண்டி எழுத்துல வண்டிப் பேரு எழுதியிருக்குதே."

ரஞ்சிதா சேலை மாற்றிக்கொண்டு வந்து, அப்பாவைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் நாச்சிமுத்துவுக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தப் பெண்ணின் முகம் வாடினால் அவர் என்ன செய்வார்?

சாயங்காலம் அர்த்தனாரி வந்து உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து முன்னால் வைத்தார். திரையில் ரிக் சுற்றிக்கொண்டிருந்தது.

"இத ஓட்டறது நீங்களுங்களா?"

தெய்வநாயகி கதவோரம் நின்று, இல்லை என்று சொல்லச்சொல்லிக் கண்ணாலேயே மிரட்டினாள். வேறு டிரைவர் என்று சொல்லிவிடலாம்தான். நாச்சிமுத்து மகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். கல்யாணத்தைப் பொய்யில் ஆரம்பிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"நானேதானுங்க. உள்ள உக்காந்திருக்கற மடையன் நானுங்க" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாநிலம் மாறி நின்ற அரிசி, பட்டினி கிடந்த ஆட்கள், சட்டம், கல்லூரிப் பேருந்து, பிஸியான போன். சொல்லச் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது.

அர்த்தனாரி சிரிக்காமல் கேட்டார். "சரிங்க. பின்னாடி வண்டி வரவே இல்லீன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

நாச்சிமுத்து யோசித்தார். "டீசல் தீர்ற வரைக்கும் சுத்தியிருப்பனுங்க. பசங்கள உட்டுட்டு எப்படீங்க போறது?"

அர்த்தனாரி ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்துத் தம்ளரை வைத்தபோது அவர் தோள் குலுங்கியது. அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டு வந்தது.

"பொண்ண எங்க ஊட்டுக்கு அனுப்பி வைங்க. ஒண்ணே ஒண்ணு. கூட்டிட்டு வர்றப்ப அந்த ரவுண்டானாவ ஒரு தடவ சுத்துனாப் போதுமுங்க. நல்ல நேரத்துக்கு வந்து சேரோணும்."

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் காரை நானேதான் ஓட்டுவேன் என்று நாச்சிமுத்து பிடிவாதம் பிடித்தார். சொந்தக்காரர்கள் ஏறிய வேனைக் குழந்தைவேல் ஓட்டி வந்தான். காரின் பின்சீட்டில் குமரனும் ரஞ்சிதாவும் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ரவுண்டானா வந்தது. நாச்சிமுத்து ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அழகாக உள்ளே நுழைந்தார். குமாரபாளையம் போகும் வழி வந்தது. கார் அதைத் தாண்டிப் போனது.

"மாமா, நம்ம ரோடு அதுங்க" என்றான் குமரன்.

"பின்னாடி வேன் வர்லீங்க மாப்ள."

ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். வேன் முட்டிவிடுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தது. குழந்தைவேலின் நெற்றிக் குங்குமம்கூடத் தெரிந்தது. அவள் முன்பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் சாலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமாங்க, இன்னும் வர்ல" என்றாள் கணவனிடம். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டாள். "இன்னொரு சுத்துப் போலாம்ப்பா."

டீக்கடைக்காரர் மறுபடி போனை எடுத்தார். நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை மெதுவாக விட்டார். பின்னால் குழந்தைவேல் ஹாரன் அடிக்காமல், ஒன்றும் கேட்காமல், வேனைத் திருப்பிக்கொண்டு அவர் கூடவே சுற்றினான்.