விதைத் தோட்டத்து வேலிக்குள்ளே

பெரியாயி பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து வந்தவள். அவளுடைய ஒரே மகள் பூவம்மா நாலு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். லயமென்ற வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்கள் தங்கள் பிணங்களைப் புதைக்கும் புல்லுச் சரிவில், ஒரு பாறையோரமாகக் குழந்தையைப் புதைத்தார்கள்.

சில வருஷங்களில் அரசாங்கத்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். எந்தத் தாய்மரத்து விதையிலிருந்து எப்படிப்பட்ட கன்று வரும், தேயிலைக்கு வம்சகுணம் எப்படி இறங்குகிறது என்று நாடு முழுக்கச் சோதிக்கிறார்களாம். மற்றத் தேயிலையை விட்டு ஒதுங்கிய நிலம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தச் சரிவைத் தோட்டத்துத் துரை கொடுத்துவிட்டார். முள்ளுக்கம்பி வேலி எழுந்தது. இனிமேல் சாகிறவர்களை ஓடைக்கு அப்பால் புதைக்கச் சொல்லிவிட்டார்கள்.

வேலிக்குள்ளே கன்று பார்க்க, விதை பொறுக்க ஆள் கேட்டபோது பெரியாயி முதல் ஆளாகப் போய் நின்றாள்.

“தெனம் அங்க போயி அழுவுறதுக்கா?” என்றான் புருஷன் சடையன்.

“அழுவ மாட்டேன். பக்கத்துல இருக்கேன், அவ்வளவுதான்.”

பாறையோரம், குழந்தையைப் புதைத்த இடத்திலேயே அவர்கள் நட்ட தேயிலைக் கன்று, கிளை நறுக்கும் கவாத்துக் கத்தி படாமல், வீட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்து வெள்ளையாய்ப் பூத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் பூக்களுக்குத் துணிப்பை கட்டினார்கள். கிளையில் தகர வில்லை தொங்கவிட்டார்கள். மத்தியானச் சோற்றை அந்த மரத்தடியிலேயே பெரியாயி சாப்பிடுவாள். சொன்னபடி அவள் அழவில்லை.

அந்த மரத்து விதையில் வந்த கன்றுகள் பல வருஷமாகியும் தேறவில்லை. அதை வேரோடு எடுக்க உத்தரவு வந்தது. வெளிவேலை பார்க்கும் கண்டக்கையா செல்வநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், மனம் கெட்டவரல்ல. பெரியாயி அவர் காலில் விழுந்தாள்.

“ஐயா, அந்த ஒத்த மரத்த விட்டுருங்கய்யா. எம் புள்ள கெடக்குற எடமுங்க.”

“எழும்பு பெரியாயி. என்னாலை ஏலாது. அது நிண்டால் பூச்சி அதின்ரை பூந்தூளைக் கொண்டுபோய் மற்ற மரத்து வம்சத்தையும் கெடுத்துப்போடுமாம்.”

வெட்ட வந்தவர்கள் லயத்து ஆட்கள்தான். ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார்கள். வேர்தான் வந்தது. எலும்பு, துணி, எதுவும் இல்லை. மலைமண் எல்லாவற்றையும் தின்றிருந்தது. குழி விளிம்பில் உட்கார்ந்திருந்த பெரியாயி, “எங்கடா போனா?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

மறுநாளே கொழுந்துக்குத் திரும்பிவிட்டாள். அந்த வேலிப்பக்கம் பிறகு அவள் போகவேயில்லை. அதிகாரிகள் மாறினார்கள், விதைத் தோட்டம் மாறவில்லை. அங்கே அலுவலகம் வந்தது, காவல் வந்தது. அப்புத்தளை, பெரகல வரைக்கும் அந்தச் சரிவின் விதை போய் நன்றாகவே தழைத்தது. ஆராய்ச்சி பலித்ததென்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யுமில்லை.

பெரியாயி இறந்தபோது, மகள் கிடந்த சரிவில் இடம் கேட்கலாமென்று ஒருவன் சொன்னான். சடையன் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அவளை ஓடைக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்தான்.