மாட்டுக் கொட்டாய்க்குப் போன குழாய்

என் மைக் செட் தொழிலில் நான் தலைகுனிந்தது ஒரே ஒரு கூட்டத்தால்தான். அன்றைக்கு ஸ்பீக்கர் பிரமாதமாக வேலை செய்தது.

தொண்ணூறுகளில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குக் கடை. கிளியூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஊர்க்கூட்டம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குள் மைக், வெளியே சில்வர் ஓக் மரத்தில் கூம்பு ஸ்பீக்கர். சரிவில் கடைசி வீடு வரைக்கும் கணீரென்று கேட்கும். அதனாலேயே ஒருத்தரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

"ஊட்ல இருந்தே நொம்ப நல்லாக் கேக்குதுங்களே பாய், எதுக்கு அங்க வந்து குந்தோணும்? எவன் வந்தாலும் நம்ம பொழப்பு இதேதானுங்க" என்பார்கள்.

அன்று பொதுக் குழாயை எங்கே வைப்பது என்று கூட்டம். வந்தவர் மேட்டு வீட்டு வெள்ளையன் மட்டும். அவரும் போண்டாவுக்காக வந்தவர்.

"குழாயை எங்க வெக்கலாமுங்க?" என்று ஊராட்சித் தலைவர் காலி பெஞ்சுகளைக் கேட்டார்.

"எங்க மாட்டுக் கொட்டாய்கிட்ட வெச்சுருங்க. மாடு பாவமுங்க" என்றார் வெள்ளையன், வாய் நிறைய போண்டாவுடன்.

"ஆட்சேபணை உண்டுங்களா?"

சத்தமே இல்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மறுநாள் பொன்னம்மா என் கடைக்கே வந்துவிட்டார். சரிவின் அடியில் வீடு, முட்டிவலி வேறு. குடத்தோடு அந்த மேட்டை அவர் எப்படி ஏறுவார்?

"ஏனுங்க பாய், வேண்டாம் வேண்டாம்னு ஊட்டுக்குள்ள நின்னு தொண்டை கிழியக் கத்துனனே, காதுல உழுகலீங்களா?"

"கூம்பு அங்க பேசுமுங்க அக்கா. உங்க பேச்ச வாங்கிட்டு வராதுங்க."

"அப்ப என்னத்துக்குங்க அந்த எழவு?"

எனக்குச் சுருக்கென்றது.

குழாய் பதிக்கும் முன் அதே விஷயமாக இன்னொரு கூட்டம் போட்டார்கள். அன்று கூம்பை மரத்தில் கட்டினேன். வயரை மட்டும் மாட்டவில்லை. உள்ளே தலைவர் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஊரே திமுதிமுவென்று ஏறி வந்தது.

"பாய், ஒண்ணுமே கேக்கல! உள்ள என்னமோ மறைக்கறாங்க!"

பெஞ்சு பத்தவில்லை. பொன்னம்மா மைக்கைத் தேடவே இல்லை.

"குழாய் நடு ஊர்லதான் வரோணும். ஆட்சேபணை இருக்கறவங்க எந்திரிங்க!"

வெள்ளையன் மட்டும் மெல்ல எழுந்தார். "அப்ப என் மாடுங்க?"

"அதுங்களுக்குக் குழாய் வேணும்னா அதுங்களும் கூட்டத்துக்கு வரட்டும்!" என்றார் பொன்னம்மா.

தலைவரே சிரித்துவிட்டார். தீர்மானம் மாறியது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கல்யாணத்துக்கு எத்தனை கூம்பு வேண்டுமானாலும் கட்டுங்கள். ஊர்க்கூட்டத்துக்குக் கட்டாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு முடிவு மட்டும்தான் கேட்கும்.